அயடீன் விழுங்கிய ஞானத்தாய்

என் கோபத்துக்குக் காரணம் கழுத்தில் இருக்கிற தைரோயிட் சுரப்பி என்று டொக்டர் சொன்ன அன்று எங்கள் வீட்டில் பெருநாள் மாதிரி இருந்தது. என் கணவர் கிளினிக் வாசலிலேயே நின்று தன் தாய்க்குப் போன் எடுத்தார். "அம்மா, அவ நல்லவவாம். வருத்தம்தானாம்" என்றார். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். இத்தனை வருசமாக இந்த மனிதர் என்னை என்னவென்று நினைத்துக்கொண்டு சோறு சாப்பிட்டார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அதையும் வருத்தக் கணக்கில், அதாவது நோய்க் கணக்கில், போட்டுவிடுவார்கள் என்பதால் வாயைப் பொத்திக்கொண்டு அவருடைய மீன் லொறியில் ஏறினேன்.

சுரப்பி அளவுக்கு மிஞ்சி வேலை செய்கிறதாம். கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், எவ்வளவு தின்றாலும் உடம்பு கரையும், பேச்சு நிற்காது. மன்னார் ரவுணில் ஒரு பள்ளிக்கூடத்தில் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறேன். அந்த மாதங்களில் ஒரு பாடவேளைக்குள் இரண்டு பாடவேளைக்குரியதைச் சொல்லி முடித்தேன். பிள்ளைகள் பேனையை வைத்துவிட்டுக் கையை உதறுவார்கள். "டீச்சர், மூச்சு விடுங்கோ" என்று முன்வாங்கிலிருந்து ஒருத்தி சொல்வாள். நான் விடமாட்டேன்.

எனக்கு மிகவும் பிடித்த பாடம் கதிர்த்தொழிற்பாடு. சில அணுக்களின் கருவுக்குள் நெருக்கம் சரியில்லை. நியூத்திரன் கூடிப்போய்விட்டது, அமைதியாக இருக்க முடியாது. அப்படிப்பட்ட கரு என்றாவது ஒருநாள் எதையாவது வெளியே எறியும். அல்பாத் துணிக்கையை எறியும், அல்லது பீற்றாத் துணிக்கையை, அதோடு சேர்த்துக் காமாக் கதிரையும். எறிந்த பிறகு அது பழைய மூலகம் இல்லை, வேறொரு மூலகம். ஒருதரம் கத்தி முடித்துவிட்டு வேறு ஆளாக எழும்பி வருகிற எனக்கு இந்தப் பாடம் பிடிக்காமல் எது பிடிக்கும்?

அரைவாழ்வுக்காலத்துக்கு நான் எப்போதும் சொல்கிற உதாரணம் பெருநாள் பூசை. பூசை முடிந்து கோயில் முற்றத்தில் சனம் நிற்கிறது. இன்னார் இந்த நிமிசம் வீட்டுக்குப் போவார் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் கொஞ்ச நேரத்தில் பாதிச் சனம் போயிருக்கும். அதே அளவு நேரம் இன்னும் போனால் மிச்சத்தில் பாதி போயிருக்கும். பிறகு அதிலும் பாதி. கடைசியில் நாலைந்து பெண்கள் மட்டும் செருப்பைத் தேடுகிற சாட்டில் நின்று கதைத்துக்கொண்டே இருப்பார்கள். அணுக்களும் அப்படித்தான். ஒற்றை அணுவுக்குச் சட்டம் இல்லை, கூட்டத்துக்குச் சட்டம் உண்டு. "அந்தக் கடைசி நாலைஞ்சு பேரில நீங்களும் ஒராள்தானே டீச்சர்" என்று பிள்ளைகள் பகிடி பண்ணுவார்கள். ஓம், நான்தான்.

குளிசைகளால் சுரப்பி அடங்கவில்லை. கதிர்த்தொழிற்பாட்டு அயடீன் தருவோம் என்றார் டொக்டர். அவர் கொழும்பில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் இருந்த இளம் பெண், யாழ்ப்பாணத்து ஆள். நோயாளி பயப்படுவாள் என்று நினைத்து மெல்ல மெல்லச் சொல்லத் தொடங்கினார். நான் கதிரையின் நுனிக்கு வந்துவிட்டேன்.

"அயடீன் நூற்று முப்பத்தொண்டா?" என்று கேட்டேன்.

"ஓம்."

"எட்டு நாள் அரைவாழ்வு. பீற்றாவும் காமாவும். கடைசியில செனன் வாயு."

டொக்டர் என் கணவரைப் பார்த்தார். "அவ டீச்சர்" என்றார் அவர், மன்னிப்புக் கேட்கிற குரலில்.

எனக்குச் சந்தோசம் தலைக்கேறிவிட்டது. இத்தனை வருசம் வெண்பலகையில் எழுதி எழுதி அழித்த சமதானி, அதுதான் அந்த ஐசோடோப், என் தொண்டைக்குழிக்கு வரப்போகிறது. உடம்பில் அயடீனுக்கு ஆசைப்படுகிற இடம் இந்தச் சுரப்பி ஒன்றுதான் என்று சொல்லலாம். நல்லது கெட்டது பார்க்காமல் விழுங்கும். விழுங்கியதும் உள்ளே ஒரு நியூத்திரன் புரோத்தனாக மாறி ஓர் இலத்திரனை எறியும். அதுதான் பீற்றா. அது இரண்டு மில்லிமீற்றர்கூட ஓடாது, சுரப்பிக்குள்ளேயே சுட்டு ஓய்ந்துவிடும். எனக்கு மருந்து அதுதான். காமா அப்படியில்லை. அது என்னை ஊடுருவி வெளியே போய்ப் பக்கத்தில் இருக்கிறவரையும் தொடும். அதனால்தான் சின்னப் பிள்ளைகளிடமிருந்தும் பிள்ளைத்தாய்ச்சிகளிடமிருந்தும் மூன்று கிழமை விலகி இருக்கவேண்டும் என்றார் டொக்டர்.

அந்த இடத்தில்தான் என் சந்தோசம் கொஞ்சம் இறங்கியது. என் தங்கச்சி அப்போது நிறைமாதம்.

எனக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றும் இல்லை. இல்லை, அவ்வளவுதான். தங்கச்சி வங்காலையில் கல்யாணம் செய்து இருக்கிறாள். பிள்ளை தங்கியது தெரிந்த அன்றே எனக்குப் போன் எடுத்து, "அக்கா, ஞானத்தாய் நீதான், வேற ஆரும் கேட்டாலும் குடுக்கமாட்டன்" என்றாள். அன்று முழுக்க நான் வகுப்பில் யாரையும் ஏசவில்லை. எங்கள் பக்கத்தில் ஞானத்தாய் என்றால் சும்மா பேருக்கு இல்லை. ஞானஸ்நானத்துக்குப் பிள்ளையை வீட்டிலிருந்து கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போவது அவள்தான். தண்ணீர்த் தொட்டியில் தலையை ஏந்திப் பிடிப்பதும் அவள்தான். பிள்ளை வளர்ந்து எங்காவது உதை வாங்கினால் முதலில் ஓடிவருவது அவளிடம்தான். எனக்கு அந்தப் பிள்ளையை ஏந்தவேண்டும். உலகத்தில் வேறு எதுவும் வேண்டாம் என்று இருந்தது.

தங்கச்சியின் புருசன் கட்டாருக்கு வேலைக்குப் போகிறவன். பயணத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம் என்று முடிவாகியிருந்தது. அதை மாற்ற முடியாது. நான் நாளைக் கூட்டிக் கழித்துப் பார்த்தேன். டொக்டர் சொன்ன திகதியில் அயடீனை விழுங்கினால் ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னரே மூன்று கிழமை தாராளமாக முடிந்துவிடும். துள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வந்ததும் சாப்பாடு தொடங்கியது. அதாவது, நின்றது. சுரப்பி பசியோடு இருந்தால்தான் மருந்து அயடீனை ஆவலாக எடுக்கும். ஏற்கெனவே வயிறு நிறைந்திருந்தால் திரும்பியும் பார்க்காது. ஆகவே இரண்டு கிழமைக்கு அயடீன் உள்ள எதுவும் கூடாது. மீன் கூடாது, நண்டு கூடாது, இறால் கூடாது, கருவாடு கூடாது, கடல் உப்பு கூடாது, முட்டையும் பாலும் கூடாது. இதை மன்னார்த் தீவில் வைத்து ஒருவருக்குச் சொல்லிப் பாருங்கள். மீன் லொறி ஓடுகிறவரின் பெண்சாதிக்குச் சொல்லிப் பாருங்கள். எங்கள் வீட்டுச் சுவர்கூட மீன் வாசம் அடிக்கும்.

நாட்டு மருந்துக் கடையில் இந்துப்பு வாங்கினோம். கட்டுக்கரைப் பக்கத்திலிருந்து கத்தரிக்காயும் பூசணிக்காயும் வந்தன. நான் பூசணியைத் தின்றேன், தோலைக் கேற்றடியில் நின்ற கழுதை தின்றது. மூன்றாம் நாள் எங்கள் இருவருக்கும் முகச்சாயல் ஒன்றாகிவிட்டது என்று என் கணவர் சொன்னார். சொன்னதற்கு வாங்கியும் கட்டிக்கொண்டார்.

எங்களோடு இருக்கிற மாமிக்கு, என் கணவரின் தாய்க்கு, இது தாங்கமுடியவில்லை. மருமகள் ஏற்கெனவே எலும்பும் தோலும். இந்த லட்சணத்தில் மீனும் கூடாதாம், என்ன டொக்டரோ என்று அடுப்படியில் தனக்குத்தானே கதைத்துக்கொண்டு திரிந்தார். நாலாம் நாள் எனக்கு ஒரு மிளகுத் தண்ணி வைத்துத் தந்தார். அடடா, அது தண்ணியா, தேவாமிர்தமா. நாக்கு செத்துக் கிடந்தவளுக்கு உயிர் வந்தது. "என்ன மாமி போட்டனீங்கள்?" என்று கேட்டேன். "மிளகு, சீரகம், மல்லி. சரக்குத்தான் பிள்ளை, வேறென்ன" என்றார். மத்தியானமும் பின்னேரமும் கோப்பை கோப்பையாகக் குடித்தேன். உடம்பில் கொஞ்சம் தெம்புகூட வந்தது. பத்தியம் என்றால் இப்படியல்லவா இருக்கவேண்டும் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

கொழும்பில் டொக்டர் என்ன சாப்பிட்டீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் பெருமையாகச் சொன்னேன். மிளகுத் தண்ணி என்றதும் அதற்குள் என்ன என்று கேட்டார். மாமிக்குப் போன் எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன். மாமியும் பெருமையாகத்தான் சொன்னார். மிளகு, சீரகம், மல்லி, மஞ்சள், பிறகு பால்சுறாக் கருவாட்டை வறுத்து இடித்த தூள்.

டொக்டர் பேனையை மூடி வைத்தார்.

"மாமி, மீன் கூடாதெண்டு சொன்னனானெல்லோ" என்றேன்.

"அது மீனே பிள்ளை? அது மருந்து. பிள்ளை பெத்த பச்சை உடம்புக்காரிக்கே நாங்கள் குடுக்கிற சாமான். உனக்குக் கூடாதே?"

எங்கள் கரையில் இதை யாரும் பிழை என்று சொல்லமாட்டார்கள். வருத்தக்காரருக்கு ஆகாத மீன் என்று ஒரு கூட்டம் உண்டு. வருத்தக்காரருக்கென்றே இருக்கிற மீன் என்று இன்னொரு கூட்டமும் உண்டு. பால்சுறா அந்த இரண்டாவது கூட்டம். டொக்டர் மீன் என்று சொன்னபோது மாமியின் மனதில் பால்சுறா வரவே இல்லை. பத்து நாளாக நான் கோப்பை கோப்பையாகக் கடலைக் குடித்திருக்கிறேன். இரசாயனவியல் படித்த என் நாக்கும் அதைக் கண்டுபிடிக்காமல் இன்னும் கொஞ்சம் தாங்கோ என்று கேட்டிருக்கிறது.

டொக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, இன்று தரமுடியாது, திரும்பிப் போய் ஒழுங்காக இருந்துவிட்டு வாங்கோ என்றார். அந்த மருந்தை அலுமாரியில் எடுத்துவைத்துப் பிறகு தரமுடியாது. அது வெளிநாட்டிலிருந்து அன்றன்றைய ஆட்களுக்கென்று கணக்குப் பார்த்து வருகிற சாமான். வைத்திருந்தால் எட்டு நாளில் பாதியாகிவிடும். எனக்கென்று வந்த மருந்து ஈயப் பெட்டிக்குள் இருந்து எனக்கில்லாமல் தேய்ந்துகொண்டிருந்தது. அடுத்த முறைக்குக் காத்திருக்கவேண்டும். அப்படிக் காத்திருந்து வந்த திகதியையும் ஞானஸ்நான ஞாயிற்றுக்கிழமையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இடையில் பதினாறே நாள்.

மதவாச்சி வரைக்கும் லொறிக்குள் அழுதேன். மதவாச்சியிலிருந்து மன்னார் வரைக்கும் ஏசினேன். வீட்டுக்கு வந்து மாமியிடம் என்னென்ன சொன்னேன் என்பதை இங்கே எழுதமாட்டேன். அன்றிலிருந்து மாமி எனக்கு முன்னால் சமைத்து, போடுகிற ஒவ்வொன்றையும் கையில் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் சட்டிக்குள் போட்டார். உப்பைக்கூடத் தூக்கிக் காட்டினார்.

அந்த இரண்டாவது பத்தியத்துக்கு நடுவில் தங்கச்சிக்குப் பிள்ளை பிறந்தது. ஆண் பிள்ளை. படம் அனுப்பினாள். மூக்கு எங்கள் அப்பாவின் மூக்கு, பாவம். ஓடிப்போய்த் தூக்க எனக்குக் கை பரபரத்தது. ஆனால் அந்தக் கிழமை பிள்ளைக்கு மஞ்சள் காமாலை என்று மன்னார் ஆஸ்பத்திரியில் விளக்கின் கீழே வைத்திருந்தார்கள், கண்ணாடிக்கு வெளியே நின்றுதான் பார்த்தேன். அதற்குப் பிறகு என் திகதி வந்துவிட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை அயடீன் விழுங்கினேன். தடித்த ஈயக் குடுவை ஒன்று வந்தது. கையுறை போட்ட ஒருவர் அதைத் திறந்தார். உள்ளே ஒரு சின்னக் கூட்டுக் குளிசை. காய்ச்சலுக்குப் போடுவதைவிடச் சின்னது. இதற்கா இத்தனை பாடு என்று நினைத்துக்கொண்டு தண்ணீரோடு விழுங்கினேன். ஒன்றும் செய்யவில்லை. சூடும் இல்லை, சுவையும் இல்லை. கதிர் என்பது அப்படித்தான் என்று வருசா வருசம் நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன், ஆனாலும் எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

பஸ்ஸில் போகக்கூடாது. ஆகவே மீன் லொறி. என் கணவர் முன்னால் ஓட்ட, நான் முன்சீட்டில் அவருக்குப் பக்கத்தில் இருக்க முடியாமல், பின்சீட்டின் மற்ற மூலையில் வெறும் ஐஸ் பெட்டிகளுக்கு நடுவில் இருந்தேன். தூரம் இரண்டு மடங்கானால் கதிர் நாலில் ஒன்றாகும் என்று அவருக்கு விளங்கப்படுத்தினேன். "அப்ப கதைக்கிற சத்தமும் குறையோணுமே" என்றார். குறையவில்லை. பாலத்தடியில் பொலிஸ்காரர் மறித்து லொறிக்குள் என்ன என்று கேட்டபோது, "மீன் இல்லை, மனுசிதான்" என்றார் என் கணவர். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

வீட்டில் பின் அறை எனக்கு. தனிக் கோப்பை, தனித் துவாய், தனிக் குளியலறை. என்னைத் தொட்டவர் கதிர் வீசத் தொடங்கமாட்டார், அது ஒட்டுகிற வருத்தம் இல்லை. ஆனால் என் வியர்வையிலும் எச்சிலிலும் கொஞ்ச அயடீன் வெளியே வரும், அது மற்றவர் வாய்க்குள் போகக்கூடாது. இதைக் கேற்றுக்கு வந்த ஒவ்வொருவருக்கும் கத்திக் கத்திச் சொன்னேன். பக்கத்து வீட்டுப் பெண் இருட்டில் நான் வெளிச்சம் தெரிவேனா என்று கேட்டாள். இல்லை என்றதும் அவளுக்குப் பெரிய கவலை. என் வகுப்புப் பிள்ளைகள் சைக்கிளில் வந்து மதிலுக்கு அப்பால் வரிசையாக நின்று, "டீச்சர், இப்ப எத்தினை வீதம்?" என்று கேட்டார்கள். எட்டாம் நாள் ஐம்பது என்று கத்தினேன். கைதட்டினார்கள். எனக்குள் ஒவ்வொரு கணமும் எண்ணமுடியாத அளவு அயடீன் அணுக்கள் ஒன்றொன்றாகச் செனனாக மாறிக்கொண்டிருந்தன. யாரோடும் சேராத சாதுவான வாயு அது. என் கழுத்திலிருந்து அப்படி அமைதியான ஒன்று பிறக்கிறது என்பதை வீட்டில் ஒருவரும் நம்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நெருங்க நெருங்க எனக்குச் சிரிப்புக் குறைந்தது. தங்கச்சி புருசனின் அக்கா கனடாவிலிருந்து வந்து இறங்கியிருந்தாள். ஞானஸ்நானச் சட்டையும் கொண்டுவந்திருந்தாள், தரையைக் கூட்டுகிற நீளத்துக்கு. "அக்காவுக்கு ஏலாட்டி நான் தூக்கிறன், எனக்கென்ன" என்றாளாம். அந்த "எனக்கென்ன" என்னை நித்திரை கொள்ளவிடவில்லை.

கடதாசி எடுத்துக் கணக்குப் போட்டேன். பதினாறு நாள், இரண்டு அரைவாழ்வு. பாதி, பாதியில் பாதி. நாலில் ஒன்றுதான் மிச்சம். உடம்பும் தன் பங்குக்கு வெளியேற்றியிருக்கும், ஆகவே இன்னும் குறைவு. கையை நீட்டிப் பிடித்தால் இன்னும் குறைவு. கோயிலுக்குத் தூக்கிப் போகாமல் தொட்டியடியில் மட்டும் பத்து நிமிசம். ஐந்து நிமிசம் என்று வை. என் விடை நல்ல சின்னதாக, அழகாக வந்தது. அதைத் தங்கச்சிக்குப் போனில் வாசித்தேன்.

"எனக்கு உந்தக் கணக்கு விளங்காது அக்கா" என்றாள். "நீ தூக்கலாம் எண்டு சொன்னால் தூக்கு. நான் ஒண்டும் கேக்கமாட்டன்."

அவள் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருப்பேன். அவள் தூக்கு என்றாள். போனை வைத்துவிட்டுக் கடதாசியைத் திரும்பப் பார்த்தேன். ஒவ்வொரு வரியிலும் எண்ணை என் பக்கமாக வளைத்திருந்தேன். பத்தை ஐந்தாக்கியது யார்? கை நீட்டிப் பிடித்த பிள்ளையை நெஞ்சோடு சேர்க்காமல் விடுவேனா நான்? என் வகுப்பில் ஒரு பிள்ளை இப்படிச் செய்திருந்தால் அந்தத் தாளைக் காற்றில் பறக்கவிட்டிருப்பேன். டொக்டருக்குப் போன் எடுத்தேன். "ஆபத்து பெரிசா இருக்காது. ஆனா அது பிறந்து ஒரு மாதமும் ஆகாத பிள்ளை. மூண்டு கிழமை எண்டால் மூண்டு கிழமைதான் டீச்சர்" என்றார். எனக்குத் தெரிந்ததைத்தான் சொன்னார். தெரிந்ததை இன்னொருவர் வாயால் கேட்கத்தான் எடுத்தேன் போல. நான் தூக்கவில்லை என்று தங்கச்சிக்குச் சொன்னேன். சொல்லிவிட்டு ஒரு மூச்சு அழுதேன்.

தங்கச்சி பாதரிடம் போய்க் கேட்டாள். ஞானத்தாய் அக்காதான், அவளுக்குப் பதிலாக வேறொருவர் தன் கையால் பிள்ளையை ஏந்தலாம், ஆனால் கேள்விகளுக்கு ஞானத்தாய் தன் வாயால் பதில் சொல்லவேண்டும் என்றாராம் பாதர். எனக்கு அது போதும் என்று சொல்லமாட்டேன். போதாது. ஆனாலும் புதுச் சீலையை எடுத்து வெளியே வைத்தேன்.

வங்காலைக் கோயிலில் நான் கடைசிக் கதவடியில் நின்றேன். என் கணவர் எனக்கு முன்னால் நின்று கிட்ட வருகிற சின்னப் பிள்ளைகளைக் கோழி கலைக்கிற மாதிரிக் கலைத்துக்கொண்டிருந்தார். முன்னால் தொட்டியடியில் தங்கச்சி பிள்ளையோடு நின்றாள். "அக்காவின்ர கைக்குப் பதிலா ஆர் பிடிக்கிறது?" என்று கேட்டாள். கனடாக்காரி சீலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு அடி எடுத்துவைத்தாள். அதற்குள் முன்வாங்கிலிருந்து மாமி எழும்பிவிட்டார்.

"நான் பிடிக்கிறன்" என்றார்.

"உங்களுக்குக் கை நடுங்குமே" என்றாள் கனடாக்காரி.

"பிழை விட்ட கை பிள்ளை. இதுதான் பிடிக்கோணும்" என்றார் மாமி. பிள்ளையை வாங்கினார். அந்த நீளச் சட்டைக்குக் கீழே அவருடைய கை கொஞ்சமும் நடுங்காததைக் கதவடியிலிருந்து பார்த்தேன். அன்றுதான் எனக்கு மாமியில் இருந்த கோபம் போனது. முழுக்கப் போனது என்று பொய் சொல்லமாட்டேன். பாதி போனது. மிச்சத்தில் பாதி அடுத்த கிழமை போனது.

பாதர் கேட்டார். "சாத்தானை விட்டுவிடுகிறீர்களா?"

கோயில் நீளம், மின்விசிறி இரைச்சல், போதாததற்குப் பிள்ளை வேறு வீறிட்டுக்கொண்டிருந்தான். நான் நாற்பது பிள்ளைகளின் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய தொண்டைக்காரி. அந்தத் தொண்டைக்குள்தான் அயடீனும் இருந்தது. "விட்டுவிடுகிறேன்" என்றேன். முழுக் கோயிலும் திரும்பிப் பார்த்தது. ஓட்டில் இருந்த புறாக்கள் எழும்பிப் பறந்தன. பிள்ளை திடுக்கிட்டு அழுகையை நிறுத்தினான்.

விசுவசிக்கிறீர்களா என்று பாதர் கேட்ட ஒவ்வொரு தரமும் அதே சத்தத்தில் விசுவசிக்கிறேன் என்றேன். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன, எதை முதலில் அடக்குவது என்று தெரியவில்லை. மாமி தலையை ஏந்திப் பிடித்தார், தண்ணீர் விழுந்தது. பூசை முடிந்து பாதர் கதவடிக்கு வந்து, தூரத்திலேயே நின்றுகொண்டு, "நீங்கள் கத்தின கத்துக்குச் சாத்தான் இப்ப கடல் தாண்டி அக்கரையில ஏறியிருப்பான்" என்றார்.

பிள்ளையின் தகப்பன் விமானம் ஏறினான். கனடாக்காரியும் போனாள். அடுத்த வெள்ளிக்கிழமை மூன்று கிழமை முடிந்தது. கணக்குப்படி ஆறில் ஒன்றுக்கும் குறைவு. அதையும் நம்பாமல் இன்னொரு நாள் கூட்டிவைத்துச் சனிக்கிழமை முதல் பஸ்ஸில் வங்காலைக்குப் போனேன். தங்கச்சி பிள்ளையைக் கொண்டுவந்து என் கையில் தந்தாள்.

அவனுக்கு என்னைக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. முகத்தை ஒருதரம் பார்த்தான், முகம் சிவக்க வாயைத் திறந்து வீறிட்டான். காலால் என் வயிற்றில் உதைத்தான். அயலில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். தங்கச்சியின் மாமியார் அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தார். "பசி போல, இஞ்ச தாங்கோ பிள்ளை" என்றார். தங்கச்சியும் கையை நீட்டினாள். "தா அக்கா, நான் பால் குடுத்துட்டுத் தாறன்."

நான் கொடுக்கவில்லை. அவனை நெஞ்சோடு இறுக்கி அணைத்துக்கொண்டு, கத்தட்டும், இவன் எவ்வளவு வேண்டுமானாலும் கத்தட்டும் என்று சொல்லிக்கொண்டே முற்றத்தில் இறங்கி நடக்கத் தொடங்கினேன்.